முதல் மழையைத் தொட்டிக்குள் விடாதீர்கள்

கேள்வி: எங்கள் ஊரில் போர் தண்ணீர் ஒரே உப்பு. அதனால் 1,000 சதுர அடி மொட்டை மாடியில் விழும் மழையை 10,000 லிட்டர் சம்ப்பில் பிடித்துச் சமையலுக்கு வைத்துக்கொள்கிறோம். ஜல்லி, மணல், கரி போட்டு வடிகட்டித் தொட்டியும் கட்டியிருக்கிறோம். ஆனாலும் போன ஐப்பசியில் பிடித்த தண்ணீர் பத்தே நாளில் வாடை அடித்தது. கரியை மாற்றினால் சரியாகுமா ஐயா?
– வாசகி, இராமநாதபுரம் மாவட்டம்

பதில்: கரி அப்புறம் இருக்கட்டும் அம்மா. கோடை முழுக்க மாடியில் படிந்த தூசி, காக்கை எச்சம், வேப்பஞ்சருகு எல்லாம் முதல் மழையில் கரைந்து எங்கே போனது? நேராக உங்கள் வடிகட்டிக்குத்தான். ஜல்லியும் மணலும் சருகைத் தடுக்கும், மண்ணைத் தடுக்கும், ஆனால் எச்சம் கரைந்த தண்ணீரை அப்படியே விட்டுவிடும். அழுக்கு தங்கி ஈரமாகவே கிடந்தால் அந்த மணலே நாற ஆரம்பிக்கும்.

2003-ல் தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது பெரும்பாலும் தண்ணீரை நிலத்துக்குள் இறக்கத்தான் குழி வெட்டினோம். அங்கே மிச்சத்தை மண் பார்த்துக்கொள்ளும். அதே ஜல்லி மணல் ஏற்பாடு சம்ப்புக்கும் போதும் என்று கொத்தனார்கள் நினைப்பது அந்தப் பழக்கத்தில் வந்தது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

உங்கள் மாடி சுமார் 93 சதுர மீட்டர். 1 மி.மீ. மழை பெய்தால் 93 லிட்டர். முதல் 2 மி.மீ. மழையையாவது வெளியே தள்ள வேண்டும் என்று வைத்துக்கொண்டால் 186 லிட்டர், அதாவது ஒரு 200 லிட்டர் டிரம். கடையில் 4 அங்குலக் குழாயில் 3 மீட்டர் நிறுத்திவைத்து இதுவே போதும் என்பார்கள், நம்பாதீர்கள், அதில் மொத்தமே 25 லிட்டர்தான் பிடிக்கும்.

மாடியிலிருந்து இறங்கும் குழாயில், வடிகட்டிக்கு முன்னாலேயே மூன்று வாயுள்ள ஒரு 'டி' இணைப்பு போட்டு, கீழ்க்கிளையை டிரம்முக்குள் விடுங்கள். டிரம் நிரம்பிய பிறகுதான் தண்ணீர் வடிகட்டிப் பக்கம் திரும்பும். நுழையும் இடத்தில் ஒரு மிதக்கும் பந்து இருந்தால் அது மேலே வந்து வாயை அடைத்துக்கொள்ளும், அழுக்குத் தண்ணீர் திரும்பிக் கலக்காது. டிரம் மூடி கசியாமல் இறுக்கமாக இருக்க வேண்டும். அடியில் ஒரு சின்னக் குழாய் வைத்துச் சொட்டுச் சொட்டாக ஒழுக விடுங்கள். எங்கள் வீட்டில் அதை வைக்காமல் விட்டதில் அடுத்த மழைக்கு டிரம் காலியாகவே இல்லை, உள்ளே முழுக்கக் கொசுப்புழு. டிரம்முக்கு வசதியில்லை என்றால் இறங்கு குழாயின் அடியில் ஒரு வால்வு வைத்துக் கையால் திறந்துவிடலாம், ஆனால் நடுராத்திரி மழைக்கு யார் எழுந்து போவது?

மழைக்காலத்துக்கு முன் மாடியைத் தண்ணீர் விடாமல் நன்றாகப் பெருக்குங்கள். மாடித் தண்ணீர் குழாய்க்குள் இறங்கும் இடத்தில் கம்பி வலை போடுங்கள். சம்ப்பின் வழிந்தோடும் குழாய்க்குக் கொசுவலை கட்டுங்கள், மூடி வழியாக வெளிச்சம் புகுந்தால் பாசி பிடிக்கும். உள்ளே வரும் குழாயை அடிவரை இறக்கி நுனியை மேல்நோக்கித் திருப்பிவிட்டால், அடியில் படிந்த வண்டல் கலங்காது. வடிகட்டியின் மணலையும் ஜல்லியையும் எடுத்து அலசி வெயிலில் காயவைத்துப் போடுங்கள், கரியைப் புதிதாக மாற்றிவிடுங்கள்.

கேள்வி: இவ்வளவு தண்ணீர்ப் பஞ்சத்தில் 200 லிட்டரைக் கொட்டுவதா? மனசு வரவில்லையே?
– வாசகர், சாயல்குடி

பதில்: 25 மி.மீ. மழைக்கு இதே மாடியில் சுமார் 2,300 லிட்டர் விழும், நாம் விடுவது அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அதையும் கொட்ட வேண்டாம், தென்னைக்கோ வாழைக்கோ திருப்பிவிடுங்கள். நாலு கம்பு நட்டு வெள்ளை வேட்டி கட்டி மழைநீர் பிடித்த நம் பாட்டிமார்கூட, கொஞ்ச நேரம் பெய்யவிட்டுத்தான் அண்டாவைக் கீழே வைப்பார்கள். இடையில் நாலைந்து நாள் வெயில் அடித்தால் அடுத்து வரும் முதல் மழையையும் இதேபோல் வெளியே விட வேண்டும், மாடியில் தூசியும் எச்சமும் திரும்பவும் சேர்ந்திருக்கும். இத்தனையும் செய்தாலும், குடிப்பதற்கு என்றால் கொதிக்கவைத்து ஆற்றித்தான் குடியுங்கள்.