சனிக்கிழமை வான்கோழி – ஒரு கடிதம்

அன்புள்ள அக்கா,

நெதர்லாந்தில் லைடன் நகரில் வேலை பார்க்கிறேன். எங்கள் பக்கத்து வீட்டில் ஓர் அமெரிக்கக் குடும்பம் இருக்கிறது. ஒஹாயோவிலிருந்து வந்தவர்கள். கணவர் பல்கலைக்கழகத்தில் ஆய்வாளர். இரண்டு பிள்ளைகள். போன நவம்பரில் தேங்க்ஸ்கிவிங் என்கிற அவர்கள் ஊர் நன்றித் திருநாள் விருந்துக்கு என்னையும் மனைவியையும் கூப்பிட்டார்கள். வியாழக்கிழமை பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் என்பதால் சனிக்கிழமைக்கு மாற்றி வைத்திருந்தார்கள். முழு வான்கோழி கிடைக்கவில்லை என்று நெஞ்சுப்பகுதியை மட்டும் வாங்கி வாட்டியிருந்தார்கள். சாப்பிடும் முன் ஒவ்வொருவரும் எதற்கு நன்றி என்று சொல்ல வேண்டுமாம். பத்து வயதுப் பெண் மட்டும் சொல்ல மறுத்துவிட்டாள். "சின்டர்க்ளாஸ் வரப்போகிறார், அதைப் பற்றி யாரும் பேச மாட்டீர்களா?" என்று டச்சு மொழியில் கேட்டாள். சின்டர்க்ளாஸ் என்பவர் இங்கே பிள்ளைகளுக்குப் பரிசு கொண்டுவருகிற தாத்தா. அம்மாவின் முகம் சுண்டிப்போய்விட்டது.

பார்க்கப் பாவமாகவும் இருந்தது, கொஞ்சம் செயற்கையாகவும் இருந்தது. தேதியும் சரியில்லை, பறவையும் முழுசாக இல்லை, ஊரும் இல்லை. எதற்கு இந்தப் பாடு? இருக்கிற ஊரின் பண்டிகையைக் கொண்டாடினால் போதாதா? அமெரிக்கப் பூர்வகுடிகளுக்கு நடந்ததை நினைத்தால் அந்த நன்றியே போலி இல்லையா? இந்த ஆண்டும் அழைத்திருக்கிறார்கள். போவதா, போனால் என்ன கொண்டுபோவது?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள தம்பி,

ஒரு வீட்டில் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு வந்து அதைப் போலி என்று எழுதுகிறவர்களுக்கு நான் பொதுவாகப் பதில் போடுவதில்லை. உங்களுக்கு எழுதக் காரணம் அந்தப் பத்து வயதுப் பெண். என் தங்கையின் பிள்ளைகளும் வெளியூரில்தான் வளர்கிறார்கள். கொஞ்ச நாளாகவே இந்தப் பிள்ளைகளைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்கிறேன். அவளிடம் பிறகு வருகிறேன்.

முதலில் தேதி. உங்கள் ஊர்ப்பக்கம் தமிழ்ச் சங்கம் இருந்தால் அவர்கள் பொங்கலை எப்போது வைக்கிறார்கள்? ஜனவரியில் மண்டபம் கிடைக்கிற ஏதோ ஒரு சனிக்கிழமை. அதற்கு வேட்டி கட்டிக்கொண்டு போய்ப் படம் எடுத்துப் போடுகிறவர்கள், அடுத்த வீட்டு வியாழக்கிழமை சனிக்கிழமையானதற்குக் கணக்குக் கேட்கக் கூடாது. தேங்க்ஸ்கிவிங்கின் தேதி பஞ்சாங்கத்தில் பிறந்ததும் இல்லை. சாரா ஜோசபா ஹேல் என்ற பத்திரிகை ஆசிரியர், கணவரை இழந்து ஐந்து பிள்ளைகளை வளர்த்தவர், ஆளுநர்களுக்கும் ஜனாதிபதிகளுக்கும் ஆண்டுக்கணக்கில் எழுதி எழுதிக் கேட்டார். உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த 1863இல் லிங்கன் நவம்பரின் கடைசி வியாழக்கிழமை என்று அறிவித்தார். 1939இல் அந்தக் கடைசி வியாழன் 30ஆம் தேதி விழுந்தது. கிறிஸ்துமஸ் வியாபாரத்துக்கு நாள் குறைகிறதே என்று கடைக்காரர்கள் முறையிட, ஜனாதிபதி ரூஸ்வெல்ட் ஒரு வாரம் முன்னால் நகர்த்தினார். ஏறக்குறையப் பாதி மாநிலங்கள் அவர் பேச்சைக் கேட்டன, மீதிப் பாதி கேட்கவில்லை. டெக்ஸஸ் எதற்கு வம்பு என்று இரண்டு நாளும் கொண்டாடியது. நான்காவது வியாழக்கிழமை என்று சட்டம் போட்டுச் சண்டையை முடித்தது 1941இல். வியாபாரிகளுக்காக ஜனாதிபதி ஒரு வாரம் நகர்த்தலாம், கணக்குப் பரீட்சை எழுதும் பிள்ளைக்காக அம்மா இரண்டு நாள் தள்ளக் கூடாதா?

பூர்வகுடிகள் பற்றிய கேள்வி கனமானது. அதைக் கேட்கும் உரிமை உள்ளவர்கள் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். 1970 முதல் ஒவ்வோர் ஆண்டும் அதே நாளில் மாசசூசெட்ஸ் மாநிலத்துப் பிளிமத்தில் கூடித் துக்க நாள் அனுசரிக்கிறார்கள். பல அமெரிக்க வீடுகளிலும் சாப்பாட்டு மேஜையில் இது இப்போது பேசப்படுகிற விஷயம்தான். ஆனால் உங்கள் கடிதத்தில் அது மூன்றாவது சாட்சியாக வந்து நிற்கிறது. தேதி சரியில்லை, பறவை சரியில்லை, வரலாறும் சரியில்லை. உங்களுக்கு அங்கே கூச்சமாக இருந்திருக்கிறது, அதற்குக் காரணம் தேடியிருக்கிறீர்கள். இதை இத்துடன் விடுகிறேன்.

எதற்கு இந்தப் பாடு என்று கேட்டீர்களே, அதற்கு வருகிறேன். கணவரின் வேலை காரணமாக ஜெர்மனியில் ஹைடல்பெர்க்கில் சில காலம் இருந்தோம். எங்கள் மேல்வீட்டில் ஓர் அமெரிக்கக் குடும்பம். அப்போது ஐரோப்பாவுக்கான அமெரிக்கத் தரைப்படையின் தலைமையகம் அந்த ஊரில்தான் இருந்தது. 2013இல்தான் காலி செய்துகொண்டு போனார்கள். ஊரின் ஓரத்தில் ராணுவக் குடும்பங்களுக்கென்று தனிக் குடியிருப்பு உண்டு. அங்கே அமெரிக்கப் பள்ளி, அமெரிக்கக் கடை எல்லாம் இருந்தன. நவம்பர் வந்தால் அங்கே பள்ளிக்கு விடுமுறை, கடையில் உறைந்த வான்கோழி, டின்னில் அடைத்த பூசணி விழுது, கிரான்பெரி, எதற்கும் குறைவில்லை. ஆனால் உள்ளே போய் வாங்க ராணுவ அட்டை வேண்டும். எங்கள் மேல்வீட்டுக்காரர் பல்கலைக்கழக ஆள். அட்டை கிடையாது. பேருந்தில் போகிற தூரத்தில் அவர்கள் ஊர்ப் பண்டிகை முழுசாக நடக்கிறது, இவர்கள் வேலிக்கு வெளியே.

அந்த அம்மாள் கறிக்கடையில் மூன்று வாரம் முன்னாலேயே சொல்லிவைத்தார். ஜெர்மனியில் நவம்பரில் முழுப் பறவை என்றால் வாத்துதான். கறிக்கடைக்காரர் எங்கிருந்தோ ஒன்பது கிலோவில் ஒரு வான்கோழியைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டார். அது அவர்கள் ஓவனுக்குள் நுழையவில்லை. கணவர் நாடாவை எடுத்து அளந்து பார்த்தார். தட்டுகளை உருவிப் பார்த்தார்கள். மார்பு மேல் கம்பியில் போய் இடித்தது. கடைசியில் இரண்டு தொடைகளையும் வெட்டி எடுத்து ஒரு தட்டில் போட்டு எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். ஒரே பறவை இரண்டு மாடியில் வெந்தது. அவர்களுடைய மகன் கறியில் குத்துகிற வெப்பமானியை எடுத்துக்கொண்டு மாடிப்படியில் மேலும் கீழும் ஓடினான். எங்கள் ஓவன் செல்சியஸ், பையன் கையில் இருந்தது ஃபாரன்ஹீட். நூற்று அறுபத்தைந்து வந்தால்தான் வெந்தது என்று அர்த்தமாம். "நூற்று நாற்பது!" என்று அவன் மேலே பார்த்துக் கத்துவான். மேலேயிருந்து அம்மா, "மூடு, திறக்காதே!" என்று கத்துவார்.

விருந்துக்கு வந்தவர்களைச் சொல்கிறேன். நாங்கள், ஒரு கொரிய மாணவி, எதிர்வீட்டுத் துருக்கியத் தம்பதி, வீட்டுச் சொந்தக்காரம்மாள். வீட்டுக்காரம்மாள் ஜெர்மானியர், ஐந்து மணி என்றால் ஐந்து மணிக்குப் பூங்கொத்தோடு கதவருகில் நின்றார். சாப்பிடும்போது எட்டாகிவிட்டது. கிரான்பெரிக்குப் பதில் அவர்கள் ஊரில் மான்கறிக்குத் தொட்டுக்கொள்கிற ஒரு சிவப்புப் பழ ஜாம். பூசணிப் பணியாரத்துக்கு, அதை அவர்கள் பை என்பார்கள், டின் கிடைக்காததால் ஹொக்கைடோ பூசணியைச் சுட்டு மசித்திருந்தார்கள். எல்லாம் முடிந்ததும் வீட்டுக்காரம்மாள் மெதுவாகக் கேட்டார், "பரிசு எப்போது கொடுப்பீர்கள்?" பரிசு கிடையாது. "பாட்டு?" கிடையாது. "கோயிலுக்குப் போக வேண்டாமா?" வேண்டாம். "அப்படியானால் சாப்பிடுவதுதான் விழாவா?" அந்த அமெரிக்கர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஆமாம், அப்புறம் சோபாவில் படுத்துக் கால்பந்து பார்ப்போம்" என்றார்.

பாத்திரம் கழுவும்போது அந்த அம்மாள் என்னிடம் சொன்னார், "எங்கள் ஊரில் இந்த நாளில் நான் வான்கோழி பக்கமே போனதில்லை. பை மட்டும் செய்து எடுத்துக்கொண்டு போவேன். மற்றதெல்லாம் அம்மா, பெரியம்மா." இதை எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன், யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை, ஆகவே உங்களிடமும் நீட்டிச் சொல்கிறேன். சொந்த ஊரில் பண்டிகையை நாம் செய்வதில்லை. ஊர் செய்கிறது. அமெரிக்காவில் அந்த வாரம் விமான நிலையம் நிரம்பி வழியும், அலுவலகம் மூடும், பல இடங்களில் வெள்ளிக்கிழமையும் மூடும், கடையில் அந்தச் சாமான்தான் முன்வரிசையில் இருக்கும், தொலைக்காட்சியைப் போட்டால் 1924இல் தொடங்கிய மேசிஸ் கடையின் ஊர்வலம் நியூயார்க் தெருவில் போகும், டெட்ராய்ட் அமெரிக்கக் கால்பந்து அணி மைதானத்தில் இறங்கும். நீங்கள் சும்மா இருந்தாலும் பண்டிகை உங்களைத் தூக்கிக்கொண்டு போய்விடும். லைடனில் அது வெறும் வியாழக்கிழமை. குப்பை வண்டி வரும், பள்ளியில் பரீட்சை இருக்கும், தெருவில் ஒருவருக்கும் தெரியாது. ஊர் செய்ததையெல்லாம் ஒரு சமையலறை செய்ய வேண்டும்.

எல்லாப் பண்டிகைக்கும் இந்தக் கஷ்டம் இல்லை. ஐரோப்பாவில் அமெரிக்கக் குடும்பத்துக்குக் கிறிஸ்துமஸ் எளிது. ஜெர்மனியில் பரிசை 24ஆம் தேதி மாலையே பிரித்துவிடுகிறார்களே என்று பிள்ளைகள் குழம்புவார்கள், அவ்வளவுதான். மற்றதையெல்லாம் ஊரே பார்த்துக்கொள்ளும். ஜூலை 4 அப்படியில்லை. ஜெர்மனியில் வாணவெடியைப் பொதுமக்களுக்கு விற்பதே ஆண்டின் கடைசி மூன்று நாள்தான். சுதந்திர தினத்துக்குக் கறி சுட்டுச் சாப்பிட்டுவிட்டுப் படுக்க வேண்டியது. டென்மார்க்கில் ரெபில்ட் என்ற இடத்தில் மட்டும் 1912 முதல் அந்த நாளை ஊர்த் திருவிழாவாகக் கொண்டாடுகிறார்கள். அமெரிக்காவுக்குக் குடிபோன டேனிஷ்காரர்கள் தொடங்கிவைத்தது. அங்கே ஊர் இருக்கிறது. உங்கள் பக்கத்து வீட்டுக்கு ஊர் இல்லை. ஊர் இல்லாத இடத்தில் ஊராக இருக்கத்தான் உங்களைக் கூப்பிட்டார்கள். சொந்த ஊரில் என்றால் பெரும்பாலும் சொந்தபந்தத்தோடு முடிந்துபோகும் நாள், வெளியூரில் எதிர்வீட்டுத் துருக்கியருக்கும் கதவைத் திறக்கிறது. அந்த மேஜையில் நீங்கள் வேடிக்கை பார்க்க வந்தவர் இல்லை, தம்பி. ஒஹாயோவின் பெரியம்மா, சித்தப்பா எல்லாம் அன்றைக்கு நீங்கள்தான். சித்தப்பா மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் எப்படி?

இப்போது அந்தப் பெண். நீங்கள் எந்த ஊரில் இருக்கிறீர்கள் என்று யோசித்துப் பார்த்தீர்களா? அமெரிக்கர்கள் தேங்க்ஸ்கிவிங் கதையில் சொல்கிற பில்கிரிம்கள் இங்கிலாந்திலிருந்து நேராகக் கப்பல் ஏறவில்லை. 1609 முதல் 1620 வரை உங்கள் லைடனில்தான் குடியிருந்தார்கள். ராஜாவின் திருச்சபையோடு ஒத்துப்போகாமல் ஓடிவந்த கூட்டம். பலர் துணித் தொழிலில் கூலிக்கு உழைத்தார்கள். அவர்களுடைய போதகர் ஜான் ராபின்சன் 1625இல் இறந்து பீட்டர்ஸ்கெர்க் தேவாலயத்தில் புதைக்கப்பட்டார். அதே தேவாலயத்தில் நெதர்லாந்து வாழ் அமெரிக்கர்கள் தேங்க்ஸ்கிவிங் வழிபாடு நடத்துவது நெடுநாள் வழக்கம். அதற்குப் பக்கத்தில்தான் நீங்கள் ஆண்டுக்கணக்காகச் சைக்கிள் மிதிக்கிறீர்கள்.

அவ்வளவு பத்திரமான ஊரை விட்டு ஏன் போனார்கள்? பிற்பாடு அமெரிக்காவில் அவர்கள் குடியேறிய பிளிமத்தின் ஆளுநரான வில்லியம் பிராட்ஃபோர்ட் காரணங்களை எழுதிவைத்திருக்கிறார். பிழைப்பு கடினம், பெரியவர்களுக்கு வயதாகிறது, பிள்ளைகள் வேலை செய்தே கூனிப்போகிறார்கள். எல்லாவற்றையும்விட, பிள்ளைகள் அந்த ஊர் வாலிபர்களைப் பார்த்துக் கைநழுவிப் போகிறார்கள். சிலர் படையில் சேர்ந்தார்கள், சிலர் கப்பலேறினார்கள். அவரோடு கப்பலேறிய எட்வர்ட் வின்ஸ்லோ இன்னும் வெளிப்படையாகச் சொன்னார்: எங்கள் மொழியும் ஆங்கிலேயர் என்ற பெயரும் போய்விடும் என்று பயந்தோம். தேங்க்ஸ்கிவிங்கின் மூதாதையர் என்று கொண்டாடப்படுகிறவர்கள் லைடனில் உட்கார்ந்துகொண்டு, எங்கள் பிள்ளைகள் டச்சுக்காரர்களாகிவிடுவார்களே என்று புலம்பியவர்கள். நானூறு ஆண்டு கழித்து அதே ஊரில் ஒரு பெண் டச்சில் சின்டர்க்ளாஸைக் கேட்டு அம்மாவை அழவைக்கிறாள். அந்த அம்மாவுக்கு முதலில் இதைச் சொல்லுங்கள். நிச்சயம் சிரிப்பார்.

இதையும் சொல்லுங்கள். ராபின்சனின் சபையில் 1620இல் கப்பலேறியது சிறுபான்மைதான். பலர் பின்தங்கினார்கள், சிலர் பிறகு போனார்கள், மற்றவர்கள் லைடனிலேயே கலந்துபோனார்கள். குடி ஒன்றும் முழுகிவிடவில்லை. போனவர்களில் பாதிப்பேர் முதல் குளிர்காலத்திலேயே செத்துப்போனார்கள். மிஞ்சிய ஐம்பது பேர்தான் 1621இல் அறுவடை விருந்து வைத்தார்கள். அங்கிருந்த பூர்வகுடிகளின் தலைவர் மாசசாய்ட் தொண்ணூறு ஆட்களோடு வந்து, ஐந்து மான் கொடுத்து, மூன்று நாள் இருந்தார் என்று வின்ஸ்லோ எழுதுகிறார். விருந்தாளி ஏறக்குறைய இரண்டு பங்கு, வீட்டுக்காரர் ஒரு பங்கு. அதே ஆண்டு கிறிஸ்துமஸ் அன்று வேலைக்கு வராமல் தெருவில் விளையாடியவர்களின் சாமான்களைப் பிடுங்கி வைத்தவர் அதே பிராட்ஃபோர்ட். அவருக்குக் கிறிஸ்துமஸ் ஆகாது. பெரியவர்கள் சின்னவர்கள் கையிலிருந்து எதையாவது பிடுங்கிக்கொண்டேதான் இருக்கிறார்கள்.

அந்தப் பெண்ணின் மேல் எனக்குக் கோபமே இல்லை. அவளுக்கு அந்த மாதம் ஊர் முழுக்க சின்டர்க்ளாஸ். நவம்பர் நடுவில் நீராவிக் கப்பலில் வந்து இறங்குகிறார், பள்ளியில் பாட்டு, ஷூவில் குதிரைக்குக் கேரட் வைத்தால் காலையில் மிட்டாய், டிசம்பர் 5 மாலை பரிசோடு கேலிப்பாட்டு எழுதிக் கொடுக்கிற வழக்கம். அவளைத் தூக்கிக்கொண்டு போக ஓர் ஊர் தயாராக இருக்கிறது. அம்மா ஒற்றை ஆளாக எதிர்த் திசையில் இழுக்கிறார். எனக்குக் கோபம் மேஜையைச் சுற்றி எல்லோரும் நன்றி சொல் என்று பத்து வயதுப் பிள்ளையைக் கட்டாயப்படுத்துகிற அந்த வழக்கத்தின் மேல்தான். பரீட்சை மாதிரி. அவளை ஓவன் பக்கம் நிறுத்துங்கள், வெப்பமானியைக் கையில் கொடுங்கள், விருந்தினரைக் கேலி செய்து டச்சில் நாலு வரி எழுதச் சொல்லுங்கள். இருக்கிற ஊர்ப் பண்டிகை போதாதா என்று கேட்டீர்களே, அவள் இரண்டையும் கொண்டாடிவிட்டுப் போகட்டும். போதும், போதாது என்று தீர்ப்புச் சொல்ல நீங்கள் யார்?

சரி, போவதா வேண்டாமா என்று கேட்டிருந்தீர்கள். போங்கள். ஆறு மணிக்கு ஒயின் பாட்டிலோடு போய் நிற்காமல் மதியமே போய் உருளைக்கிழங்குத் தோல் சீவிக் கொடுங்கள். முதல்நாளே உங்கள் வீட்டு ஓவனையும் சுத்தம் செய்து வையுங்கள், ஒருவேளை இந்த ஆண்டு முழுப் பறவை கிடைத்தாலும் கிடைக்கும். சின்டர்க்ளாஸுக்கு எழுத்து வடிவில் சாக்லெட் விற்பார்களே, நவம்பரிலேயே கடைகளில் வந்துவிடும், அந்தப் பெண்ணின் பெயருக்கு முதலெழுத்தாக ஒன்று, அவள் அம்மாவின் பெயருக்கு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். கேட்காமல் வடை சுட்டு எடுத்துக்கொண்டு போகாதீர்கள். அந்த அடுப்பில் அன்றைக்கு ஏற்கெனவே இடம் இருக்காது.

அன்புடன்,
அக்கா