கண்ணாடித் தடுப்பு வேண்டுமா? டைல்ஸ் ஒட்டும் முன்பே முடிவு செய்யுங்கள்

கேள்வி: கோவையில் வீடு கட்டிக்கொண்டிருக்கிறோம். பாத்ரூம் 8 அடிக்கு 5 அடி. கதவைத் திறந்ததும் வாஷ்பேசின், அடுத்து வெஸ்டர்ன் டாய்லெட், கடைசியில் ஜன்னல் பக்கமாக ஷவர். ஷவருக்குக் கண்ணாடித் தடுப்பு வைக்க ஆசை. கண்ணாடி 8 மில்லிமீட்டரா, 10 மில்லிமீட்டரா? தள்ளுகிற கதவா, திறக்கிற கதவா? எங்களோடு 74 வயது அம்மாவும் இருக்கிறார். போர்வெல் தண்ணீர்தான், உப்பு அதிகம். அடுத்த வாரம் டைல்ஸ் வேலை ஆரம்பம்.

பதில்: சரியான நேரத்தில் கேட்டிருக்கிறீர்கள். கண்ணாடித் தடுப்பில் வரும் தொந்தரவுகளில் பெரும்பாலானவை கண்ணாடியால் வருபவை அல்ல, தரையால் வருபவை. டைல்ஸ் ஒட்டிய பிறகு கண்ணாடிக் கடைக்காரரை அழைத்தால், இருக்கிற தரைக்கு ஏற்றபடி எதையாவது பொருத்திவிட்டுப் போவதைத் தவிர அவருக்கும் வேறு வழி இல்லை.

கதவைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் வீட்டுக்குக் கதவே வேண்டாம் என்பது என் கருத்து. கடைசி 3 அடியை ஷவருக்கு ஒதுக்குங்கள். 5 அடி அகலத்தில் ஒரு பக்கச் சுவரிலிருந்து 2 அடி 9 அங்குலத்துக்கு நிலையான கண்ணாடி, மீதி 2 அடி 3 அங்குலம் திறந்த வழி. அம்மா ஸ்டூலில் உட்கார்ந்து குளிக்கலாம், எண்ணெய் தேய்த்துக் குளிக்கிற நாளில் கூட ஒருவர் நின்று தண்ணீர் ஊற்றலாம். பக்கெட்டை உள்ளே கொண்டுபோக, வெளியே எடுக்கத் தடை இருக்காது. கதவு போட்டால் இவை எல்லாமே சிரமம். தள்ளுகிற கதவில் கீழே உள்ள தடத்தில் சோப்பு அழுக்கு சேரும், அதைச் சுத்தம் செய்ய யாருக்கும் பொறுமை இருப்பதில்லை. திறக்கிற கதவுதான் வேண்டும் என்றால், வெளிப்பக்கம் திறக்கும்படி வையுங்கள். உள்ளே யாராவது வழுக்கி விழுந்து கதவை அடைத்துக்கொண்டு கிடந்தால், உள்பக்கம் திறக்கும் கதவை வெளியிலிருந்து தள்ளவே முடியாது.

கதவு இல்லையென்றால் தண்ணீர் வெளியே தெறிக்காதா? ஷவரை எந்தச் சுவரில் வைக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. கண்ணாடி எந்தச் சுவரோடு சேர்கிறதோ அதே பக்கச் சுவரில் ஷவர் இருந்தால், விழுகிற தண்ணீரைக் கண்ணாடி மறைத்துக்கொள்ளும். ஜன்னல் சுவரில் வழிக்கு நேராக வைத்தால் பாதித் தண்ணீர் டாய்லெட் பக்கம்தான் போகும். ஆனால் சுடுதண்ணீரையும் பச்சைத் தண்ணீரையும் திருகித் திறக்கிற டைவர்ட்டரை ஷவருக்குக் கீழேயே வைக்காதீர்கள். அதை எதிர்ச் சுவரில், உள்ளே நுழைகிற வழிக்குப் பக்கத்தில் வையுங்கள். வெளியே நின்றபடியே கையை நீட்டித் திறந்து, சுடுதண்ணீர் வந்த பிறகு உள்ளே போகலாம். முதலில் வரும் பச்சைத் தண்ணீர் அம்மாவின் தலையில் விழாது. குழாய் ஜன்னல் சுவரைச் சுற்றி வர வேண்டும், கொஞ்சம் கூடுதல் வேலைதான். சுவர் மூடாமல் இருக்கும் இப்போது மட்டுமே அது முடியும். பிளம்பர் குழாய் பதித்ததும் சுவரை ஒரு டேப் பிடித்துப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நாளைக்குக் கண்ணாடிக்காரர் துளை போடும்போது குழாயில் படாமல் இருக்க அந்தப் படம்தான் உதவும்.

இப்போது தரை. ஷவர் பகுதியை மற்ற இடத்தைவிட அரை முதல் முக்கால் அங்குலம் தாழ்த்தச் சொல்லுங்கள். கண்ணாடி உட்காரும் கோட்டில் 3 அங்குல அகலத்துக்கு ஒரு கிரானைட் பட்டை. அதன் மேல்மட்டம் வெளித்தரையோடு சமமாக இருக்கட்டும். பல வீடுகளில் இந்தப் பட்டையை ஒரு அங்குலம் உயர்த்தி வைக்கிறார்கள், வயதானவர்களுக்கு அது கால் தடுக்கும் இடம். பட்டையின் நிறம் டைல்ஸிலிருந்து நன்றாக வேறுபட்டுத் தெரிய வேண்டும், அப்போதுதான் இறக்கம் இருப்பது கண்ணுக்குப் படும். பட்டை இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரை ரசமட்டத்தில் இம்மியும் சாயாமல் இருக்க வேண்டும். சரிவு பட்டைக்கு உள்ளேதான் தொடங்க வேண்டும். 3 அடி தூரத்துக்கு அரை அங்குலம் இறக்கம் போதும். தண்ணீர் போகும் ஃப்ளோர் டிராப் ஜன்னல் சுவரை ஒட்டி, வழியிலிருந்து தள்ளி இருக்கட்டும்.

நம் வீடுகளில் டாய்லெட் பக்கத்தையும் தண்ணீர் ஊற்றித்தான் கழுவுகிறோம். அந்தத் தண்ணீருக்கு வெளிப்பக்கம் இன்னொரு ஃப்ளோர் டிராப் வையுங்கள். கண்ணாடியின் அடிப்பகுதி சிலிக்கானால் அடைபட்டிருக்கும் என்பதால், ஒரே டிராப் இருந்தால் வெளித்தண்ணீர் கண்ணாடி ஓரத்தில் தேங்கி நிற்கும்.

வாட்டர் ப்ரூஃபிங்கை ஷவர் பகுதியில் தரையோடு நிறுத்தாமல் சுவரிலும் ஏற்றச் சொல்லுங்கள். டிராப் வாயை மூடி, தண்ணீர் தேக்கி இரண்டு நாள் விட்டு, கசிவு இல்லை என்று பார்த்த பிறகே டைல்ஸ். உள்ளே வழவழப்பான பெரிய டைல்ஸ் வேண்டாம். மேட் ஃபினிஷில் சின்ன டைல்ஸ் போட்டால், இணைப்புகள் அதிகம் என்பதால் எண்ணெய் பட்ட காலும் பிடிமானம் பெறும்.

கண்ணாடிக்கு 10 மில்லிமீட்டர் எடுங்கள். கண்ணாடியின் எடை ஒரு சதுர மீட்டருக்கு, தடிமன் மில்லிமீட்டர் ஒவ்வொன்றுக்கும் இரண்டரை கிலோ. 2 அடி 9 அங்குல அகலம், ஆறரை அடி உயரம் என்றால் சுமார் 41 கிலோ வரும். அந்த எடை முழுவதும் தரையில் யூ சேனலில் (கண்ணாடியின் அடி ஓரம் உட்காரும் யூ வடிவ உலோகச் சட்டம்) உட்கார்ந்துவிடும், சுவருக்குப் பாரம் இல்லை. ஒரு ஓரம் சும்மா நிற்பதால், மேலே அங்கிருந்து சுவருக்கு ஒரு ஸ்டீல் கம்பி கட்டாயம் வேண்டும். 8 மில்லிமீட்டர் போட்டால் இதைவிட எளிதில் ஆடும். கண்ணாடியைச் சீலிங் வரை ஏற்ற வேண்டாம், ஆவி போக வழி இருக்கட்டும்.

கட்டாயம் டஃபன்ட் கண்ணாடியாக இருக்க வேண்டும். 600 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கிக் காற்றால் சட்டென்று குளிரவைப்பதால் அது சாதாரணக் கண்ணாடியைவிடப் பல மடங்கு வலுவானது. உடைந்தாலும் கத்தி போன்ற துண்டுகளாகாமல் சிறு கட்டிகளாக உதிரும். மூலையில் பாதுகாப்புக் கண்ணாடிக்கான இந்தியத் தரக் குறியீடான ஐ.எஸ். 2553 முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். இந்தக் கண்ணாடியைப் பிறகு வெட்டவோ துளையிடவோ முடியாது, முயன்றால் முழுவதும் நொறுங்கிவிடும். அதனால் டைல்ஸ் வேலை முழுவதும் முடிந்த பிறகே அளவெடுக்க வேண்டும். மேலே, நடுவே, கீழே என்று மூன்று இடத்தில் அளந்து, சுவரைத் தூக்குக்குண்டு வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். இதன் பலவீனம் விளிம்புதான். பொருத்தும்போது ஒரு மூலை டைல்ஸில் இடித்துச் சில்லு தெறித்திருந்தால் தயங்காமல் திருப்பி அனுப்புங்கள்.

உப்புத் தண்ணீருக்கு முழுத் தீர்வு எதுவும் இல்லை, பழக்கம்தான் இருக்கிறது. குளித்து முடித்ததும் ரப்பர் வைப்பரால் ஒரு முறை வழித்துவிட்டால் கால்சியம் படிய நேரம் கிடைக்காது. படிந்த வெள்ளைக் கறைக்கு வினிகரில் பாதித் தண்ணீர் கலந்து தடவி, பத்து நிமிடம் கழித்துக் கழுவுங்கள். பாத்ரூம் ஆசிட் கிட்டேயே வரக் கூடாது. ஸ்டீல் பொருத்திகளையும் டைல்ஸ் இணைப்புகளையும் அது அரித்துவிடும். கண்ணாடிக்கு மேல்பூச்சு அடித்துத் தருவதாகச் சொல்வார்கள். கறையைக் குறைக்கும், ஆனால் நாளடைவில் தேய்ந்துபோகும். பூச்சு இருந்தாலும் வழிக்க வேண்டியதுதான். மங்கல் கண்ணாடியின் சொரசொரப்பான பக்கம் ஷவரை நோக்கி உள்ளே இருந்தால் கறை போகவே போகாது, தெளிவான கண்ணாடியே நல்லது.

அம்மாவுக்கு ஒரு கைப்பிடிக் கம்பி வேண்டும். அதைச் சுவரில் போல்ட் போட்டுத்தான் மாட்ட வேண்டும், கண்ணாடியில் ஒருபோதும் வேண்டாம். உங்கள் சுவர் செங்கல் என்றால் சிக்கல் இல்லை. எடை குறைந்த ஏஏசி பிளாக் என்றால் சாதாரண பிளக் நாளடைவில் தளரும், அதற்கென்று உள்ள ஆங்கர் கேட்டு வாங்குங்கள்.

கண்ணாடி பொருத்தியதும் சிலிக்கான் காய ஒரு நாள் விடுங்கள். மறுநாள் ஷவரைப் பத்து நிமிடம் முழுதாகத் திறந்துவிட்டு, பட்டையின் வெளி ஓரத்தை உலர்ந்த துணியால் துடைத்துப் பாருங்கள். துணி ஈரமானால் கசிவு இருக்கிறது. அதைச் சரிசெய்த பிறகு மீதிப் பணத்தைக் கொடுங்கள்.