கோஆர்டினேட்டருக்கு 60,000 ரூபாய் கட்டினால் வெப் சீரிஸ் கிடைக்குமா?

கேள்வி: திருச்சியில் இருக்கிறேன். பி.ஏ. மியூசிக் படித்துவிட்டு வீட்டிலேயே ஒரு சின்ன செட்டப் வைத்து நான்கு குறும்படங்களுக்கும் சில உள்ளூர் விளம்பரங்களுக்கும் இசையமைத்திருக்கிறேன். சினிமாவில் யாரையும் தெரியாது. சென்னையில் 'மியூசிக் கோஆர்டினேட்டர்' என்று ஒருவர், 60,000 ரூபாய் கட்டினால் யூனியன் கார்டு வாங்கித் தந்து மூன்று வெப் சீரிஸ் இயக்குநர்களிடம் அறிமுகப்படுத்துவதாகச் சொல்கிறார். பெண் தனியாக ஸ்டூடியோ ஸ்டூடியோவாக ஏறி இறங்க முடியாது, நான் கூட இருந்தால் பாதுகாப்பு என்கிறார். சாம்பிளுக்கு ஆறு டிராக் அனுப்பிவிட்டேன். ஒரு அக்ரிமெண்டும் அனுப்பியிருக்கிறார். பணம் கட்டலாமா? கட்டாவிட்டால் ஆட்களை எப்படிப் பழகுவது?

பதில்: கட்டாதீர்கள். அறுபதாயிரம் இல்லை, ஆறாயிரம் கேட்டாலும் கட்டாதீர்கள்.

இசையமைப்பாளர்களுக்கு அக்ரிமெண்ட் படித்துச் சொல்வதுதான் என் பிழைப்பு. இந்த மாதிரி ஆட்களின் கடிதங்கள் நிறையப் பார்த்தாயிற்று. லெட்டர்ஹெட் மாறும், தொகை மாறும், அந்த 'மூன்று இயக்குநர்கள்' மட்டும் மாறவே மாட்டார்கள். வேலை வாங்கிக் கொடுத்து, பேமெண்ட் வந்த பிறகு அதில் ஒரு பங்கு எடுத்துக்கொள்பவர் மேனேஜர். அதில் தப்பே இல்லை. வேலை வருவதற்கு முன்னாலேயே உங்களிடம் வாங்குகிறவருக்கு வருமானம் நீங்கள்தான், உங்கள் இசை இல்லை. பணம் கைக்கு வந்த பிறகு அவர் எதற்காக மெனக்கெட்டு உங்களை ஒரு இயக்குநரிடம் கூட்டிப் போக வேண்டும்?

யூனியன் கார்டு விஷயத்துக்கு இடையில் ஆளே தேவையில்லை. சினி மியூசிஷியன்ஸ் யூனியன் அலுவலகத்துக்கு நேரே போய் என்ன தகுதி, என்ன கட்டணம், தவணை உண்டா என்று கேளுங்கள், கட்டினால் ரசீது வாங்குங்கள். சேர்வது நல்லதுதான். ஆனால் உங்கள் நிலையில் இருப்பவரிடம் இயக்குநர் முதலில் கேட்பது கார்டை இல்லை, "என்ன பண்ணியிருக்கீங்க, அனுப்புங்க" என்பதுதான்.

'பெண் என்பதால் பாதுகாப்பு' என்கிறாரே, அந்த வரிதான் எனக்கு ரொம்ப எரிச்சல். பயத்துக்கு விலை போட்டு விற்கிறார். பணியிடப் பாலியல் தொல்லைக்கு எதிரான 2013 சட்டத்தில், புகார் கொடுக்கும் பெண் அங்கே சம்பளத்தில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை கிடையாது, வேலை விஷயமாகப் போய்வந்த இசையமைப்பாளரும் புகார் தரலாம். பத்துப் பேராவது வேலை செய்யும் கம்பெனியில் உள் புகார்க் குழு இருந்தாக வேண்டும். அதைவிடச் சின்ன இடமென்றால் மாவட்டத்தில் உள்ள உள்ளூர்க் குழுவிடம் போகலாம். பொதுவாக மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும், அதை மறக்காதீர்கள். குழு யார் யார் என்று அலுவலகத்தில் எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்டியிருக்க வேண்டும் என்பதும் அதே சட்டம். நீங்கள் போகிற புரொடக்‌ஷன் ஆபீஸில் எங்கேயாவது அப்படி ஒட்டியிருந்தால் எனக்கு ஒரு போட்டோ அனுப்புங்கள், பார்க்க ஆசையாக இருக்கிறது. கேரளத்தில் பெண் கலைஞர்கள் ஒன்றுகூடி 2017-ல் அமைப்பு தொடங்கி, போராடி, மலையாள சினிமாவில் பெண்களின் நிலையை விசாரிக்க ஹேமா கமிட்டி வந்து, 2019 டிசம்பர் கடைசியில் கொடுத்த அறிக்கை வெளியே வர 2024 ஆகஸ்ட் ஆனது. சட்டத்தின் வேகம் அப்படி. அதற்காக அந்த இடத்தில் காவலுக்கு ஒரு கோஆர்டினேட்டரை வைத்துக்கொள்ள முடியுமா?

அதோடு, ராத்திரி ராத்திரியாக ஸ்டூடியோவில் உட்கார வேண்டிய வேலை இப்போது குறைந்துவிட்டது. ஸ்பாட்டிங்கை, அதாவது எந்தெந்த இடத்தில் இசை வேண்டும் என்று இயக்குநரோடு பேசி முடிவு செய்வதை, வீடியோ காலில் முடிக்கலாம், கம்போஸிங் திருச்சியிலேயே செய்யலாம். லைவ் ரெக்கார்டிங்குக்கும் கடைசி மிக்ஸுக்கும் சென்னை போனால் போதும், அந்த நேரத்தை முன்கூட்டியே நீங்கள் சொல்லுங்கள்.

சரி, ஆட்களுக்கு வருவோம். இயக்குநரை எப்படிப் பிடிப்பது என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். எடிட்டரை விட்டுவிடுகிறார்கள். எடிட் நடக்கும்போது வேறு ஏதோ படத்தின் ஆர்.ஆரை, அதாவது பின்னணி இசையை, தற்காலிகமாக வைத்துத்தான் வெட்டுவார்கள், டெம்ப் ட்ராக் என்பது அதுதான். அந்த இடத்தில் உங்கள் டிராக் உட்கார்ந்துவிட்டால் இயக்குநர் அதையே இருபது முப்பது தடவை கேட்டுப் பழகிவிடுவார். அதை வைப்பது பெரிய எடிட்டர்கூட இல்லை, அசிஸ்டெண்ட் எடிட்டர், உங்கள் வயதுக்காரர், அவருக்கும் யாரையும் தெரியாது. அவரிடம் ஒரு ஃபோல்டர் கொடுங்கள்: பதற்றம், காத்திருப்பு, துக்கம், ஊர்க் காட்சி என்று பெயர் போட்டு, ஒவ்வொன்றும் ஒன்றரை நிமிஷம், 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் வேவ் ஃபைல். உள்ளே ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் உங்கள் பெயர், போன், 'எடிட்டில் வைத்துப் பார்க்கலாம், படத்தில் பயன்படுத்த எழுத்தில் அனுமதி வேண்டும்' என்ற ஒரு வரி. அந்த வரி முக்கியம்.

இவர்களை எங்கே பார்ப்பது? தரமணி அரசு திரைப்பட நிறுவனத்திலும், சாலிகிராமம் எல்.வி.பிரசாத் அகாடமியிலும், லயோலா மாதிரி விஸ்காம் (விஷுவல் கம்யூனிகேஷன்) இருக்கிற கல்லூரிகளிலும் டிப்ளமோ படங்களுக்கு இசைக்கு ஆள் கிடைக்காமல் ரெடிமேடாகக் கிடைக்கும் ஏதாவது லைப்ரரி மியூசிக்கை ஒட்டிக்கொண்டிருப்பார்கள். திருச்சியிலேயே விஸ்காம் டிபார்ட்மெண்ட் இருக்கிறதே, முதலில் அங்கே போங்கள். டிசம்பரில் சென்னை சர்வதேசத் திரைப்பட விழாவுக்கு டெலிகேட் பாஸ் வாங்கினால் ஒரு வாரம் தியேட்டர் வாசலில் பாதி அசிஸ்டெண்ட் டைரக்டர்களைப் பார்க்கலாம். விசிட்டிங் கார்டு வேண்டாம். "உங்க படத்துல அந்தக் கிணத்தடி சீன்ல ஏன் மியூசிக் இல்லாம விட்டீங்க" என்று கேளுங்கள், அந்த ஆள் உங்களை மறக்கவே மாட்டார்.

உங்கள் வேலையைக் காட்ட அனுப்பும் ரீலில் பாட்டு வைக்காதீர்கள். பாட்டு எல்லோரும் போடுகிறார்கள். வசனம் ஓடும் காட்சி ஒன்று, வசனமே இல்லாத காட்சி ஒன்று, மொத்தம் மூன்று நிமிஷம். வசனத்துக்குக் கீழே உங்கள் வயலின் வாயை மூடிக்கொண்டிருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள்.

பெண்களுக்கென்று தனி அமைப்பு வேண்டுமென்றால், அமெரிக்காவில் 2014-ல் லாரா கார்ப்மன் உள்ளிட்ட மூன்று பெண் இசையமைப்பாளர்கள் தொடங்கிய 'அலையன்ஸ் ஃபார் விமன் ஃபிலிம் கம்போசர்ஸ்' இருக்கிறது. 'பெண் இசையமைப்பாளர்கள் எங்கே இருக்கிறார்கள்' என்ற சாக்குக்குப் பதிலாக ஒரு டைரக்டரி போட்டு நீட்டினார்கள். நம் ஊரில் அந்தச் சாக்கு இன்னும் உயிரோடு இருக்கிறது. பவதாரிணி 2002-லேயே ரேவதி இயக்கிய 'மித்ர், மை ஃப்ரெண்ட்' படத்துக்கு இசையமைத்தார், அந்தப் படக்குழுவே பெண்கள்தான். இளையராஜா வீட்டுப் பெண்ணுக்கே இசையமைப்பாளராக வந்த படங்கள் கொஞ்சம்தான் என்றால், மற்றவர்கள் நிலையை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். அதனால் பெண் இயக்குநர்கள், பெண் எடிட்டர்களின் பெயர்களை டைட்டில் கார்டில் பார்த்துக் குறித்துவைத்து நேரே எழுதுங்கள். பதில் வராவிட்டாலும் அடுத்த படத்துக்கு மறுபடி எழுதுங்கள்.

அப்புறம் அந்த அக்ரிமெண்ட். நான் கோபப்படாமல் எழுதப் பார்க்கிறேன். அதில் 'அனைத்து உரிமைகளும், உலகம் முழுவதும், எக்காலத்துக்கும், ராயல்டி உட்பட' என்று ஒரு வரி இருக்கும், எல்லா அக்ரிமெண்டிலும் இருக்கிறது. 1977-ல் உச்ச நீதிமன்றம், பணம் கொடுத்து இசையமைக்க வைத்த தயாரிப்பாளரே முதல் உரிமையாளர் என்று சொன்னது. 35 வருஷம் கழித்து, 2012-ல்தான் காப்புரிமைச் சட்டத்தைத் திருத்தினார்கள். இப்போது உங்கள் இசையின் உரிமையை எழுதிக் கொடுத்தாலும் ராயல்டியில் உங்கள் சமபங்கை எழுதிக் கொடுக்க முடியாது. கையெழுத்துப் போட்டிருந்தாலும் அந்த வரி செல்லாது.

இதில் ஒரு விதிவிலக்கு உண்டு, அதை வைத்துத்தான் எல்லோரையும் ஏமாற்றுகிறார்கள், கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். படத்தோடு சேர்ந்து உங்கள் இசை சினிமா தியேட்டரில் ஒலித்தால் அதற்கு ராயல்டி கிடையாது. தியேட்டரில் மட்டும். அதே படம் டி.வி.யில் வந்தால் உண்டு. ஓ.டி.டி.யில் வந்தால் உண்டு. படத்திலிருந்து இசையைப் பிரித்து ரேடியோவில், ஓட்டலில், ரிங்டோனில் போட்டால் உண்டு. தயாரிப்பாளர் ஆபீஸில் "படத்துக்குப் போட்ட மியூசிக்குக்கு ராயல்டி இல்லைங்க, சட்டமே சொல்லுது" என்பார்கள். சட்டம் சொல்வது தியேட்டரைப் பற்றி. உங்களுக்கு வரப்போவதாகச் சொல்வதோ வெப் சீரிஸ். அது தியேட்டருக்கே போகாது, அந்த விதிவிலக்குக்கு அங்கே வேலையே இல்லை. இதை ஒரு பேப்பரில் எழுதி கீபோர்டு மேலே ஒட்டி வையுங்கள்.

ராயல்டி வசூலிக்கிற சங்கம் ஐ.பி.ஆர்.எஸ்., அதற்கும் நீங்களே விண்ணப்பிக்கலாம். குறும்படங்களில் வெளியானது எதுவோ அதைக் காட்டுங்கள். சேர்ந்துவிட்டால் மட்டும் பணம் கொட்டாது. ஒவ்வொரு எபிசோடிலும் எந்த இசை எத்தனை நொடி, யார் போட்டது என்று கியூ ஷீட் போக வேண்டும், நம் ஊரில் கியூ ஷீட் கேட்டால் ஏதோ சொத்துப் பத்திரம் கேட்ட மாதிரி பார்க்கிறார்கள். நீங்களே தயார் செய்து அனுப்பிவிடுங்கள்.

உண்மையான வாய்ப்பு வந்தாலும் 'பேக்கேஜ்' என்ற சொல்லைக் கேட்டால் உஷாராகுங்கள். மூன்று லட்சம் என்பார்கள். உதாரணத்துக்கு, வாத்தியக்காரர்களுக்கு ஒரு லட்சம், ஸ்டூடியோவும் மிக்ஸும் எண்பதாயிரம், பாடகருக்கு நாற்பது போனால் உங்களுக்கு எண்பதாயிரம் மிஞ்சும், இயக்குநர் நாலு தடவை மாற்றச் சொன்னால் அதுவும் போகும். உங்கள் சம்பளம் தனி, செலவு தனி, எத்தனை தடவை மாற்றம் என்பது தனி என்று எழுதிக் கேளுங்கள். சம்பளத்தில் வரிக்காக 10% டி.டி.எஸ். பிடித்தால் சந்தோஷப்படுங்கள், உங்கள் பான் எண்ணில் அவர்கள் பெயரோடு பதிவாகும். பின்னால் "அவங்க எங்களுக்கு வேலையே செய்யல" என்று சொல்ல முடியாது.

கடைசியாக, அந்த ஆறு டிராக். காப்புரிமை நீங்கள் இசையை உருவாக்கியபோதே உங்களுடையது, பதிவு கட்டாயம் இல்லை. ஆனாலும் ஒரு இசைப் படைப்பைப் பதிவு செய்ய அரசுக் கட்டணம் 500 ரூபாய்தான், எது உங்களுக்கு ரொம்பப் பிடித்ததோ அதைப் பதிவு செய்துவிடுங்கள். ப்ராஜெக்ட் ஃபைல்களைத் தேதியோடு பத்திரப்படுத்துங்கள். இன்றைக்கே அவருக்கு ஒரு மெயில் போடுங்கள்: டிராக் பெயர்களை வரிசையாக எழுதி, இவை கேட்டுப் பார்க்க மட்டும் அனுப்பியவை, யாருக்கும் கொடுக்கவோ பயன்படுத்தவோ அனுமதி இல்லை, அக்ரிமெண்டில் கையெழுத்துப் போடப்போவதில்லை என்று. வாட்ஸ்அப்பில் வேண்டாம், மெயிலில். அதற்குப் பிறகு அவர் போன் செய்து "உங்க நல்லதுக்குத்தான் சொன்னேன்" என்பார், எடுக்காதீர்கள்.