டிக்கெட் விற்பனையிலிருந்து ஸ்பான்சர்ஷிப் பக்கம் போக முடியுமா?

வணக்கம். ஆறு வருடம் வங்கியில் கார்ப்பரேட் விற்பனை பார்த்துவிட்டு, கால்பந்து கிளப்பில் டிக்கெட் விற்கப் போவது இறக்கமா என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் குறி ஸ்பான்சர்ஷிப் பிரிவு என்பதால் சொல்கிறேன்: சம்பளம் கட்டுப்படியானால் தாராளமாகப் போங்கள்.

கிளப்புக்குப் பணம் வருவது ஒளிபரப்பு உரிமை, ஸ்பான்சர் உள்ளிட்ட வணிக ஒப்பந்தங்கள், போட்டி நாள் வசூல் ஆகியவற்றிலிருந்து. ஒளிபரப்பைப் பெரும்பாலும் லீக்கே மொத்தமாக விற்றுவிடும். கிளப் தன் கையால் விற்பது மற்ற இரண்டும்தான். எந்த நிறுவனம் விருந்தினர்களுக்காக இருக்கை வாங்குகிறது, சீசன் டிக்கெட்டை யார் புதுப்பிக்கவில்லை, ஏன் என்பதெல்லாம் டிக்கெட் பிரிவில்தான் தெரியவரும். நாளைக்கு ஸ்பான்சரிடம் பேச அதுதான் சரக்கு.

சேரும் முன், அங்கிருந்து ஸ்பான்சர்ஷிப் பிரிவுக்கு யாராவது மாறியிருக்கிறார்களா என்று நேராகக் கேளுங்கள். மழுப்பினால் யோசியுங்கள். வார இறுதி விடுமுறை இருக்காது, வீட்டில் இப்போதே பேசிவிடுங்கள்.

விளையாடிய அனுபவம் இல்லையே என்று தயங்கவே வேண்டாம். அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏ-வின் ஆணையர் ஆடம் சில்வர் வழக்கறிஞர். 1992-இல் அங்கே சேர்ந்தவர், 2014-இல் அந்தப் பதவிக்கு வந்தார்.