சக்கர நாற்காலி உயரத்தில் ஒரு கண்ணாடி

கேள்வி: என் அம்மா குளச்சல் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் இருக்கிறார். பக்கவாதத்துக்குப் பிறகு சக்கர நாற்காலிதான். வாஷ்பேசின் கண்ணாடியில் அவருக்கு உச்சந்தலைகூடத் தெரியாது. தாழ்த்தி மாட்டச் சொன்னால், "உடைந்துவிடும், மறதிநோய் உள்ள ஒரு பாட்டி வேறு கண்ணாடியைக் கண்டு பயப்படுகிறார்" என்கிறார்கள். என்ன செய்வது?
– வாசகி, நாகர்கோவில்

பதில்: பக்கவாதத்தில் ஒரு பக்கக் கன்னம் மரத்துப்போனால் அங்கே சோறு ஒதுங்கி நிற்பதே தெரியாது. அப்படியே படுத்தால் புரையேறும். சாப்பிட்டதும் வாயைத் திறந்து பார்த்துக்கொள்ளக் கண்ணாடி வேண்டும். நிர்வாகியிடம் பேச்சை இதிலிருந்தே தொடங்குங்கள். பொட்டும் தலைவாருதலும் தானாகப் பின்னால் வரும்.

அம்மா வழக்கமாக உட்காரும் நிலையில், தரையிலிருந்து கண் வரை டேப் வைத்து அளந்துகொள்ளுங்கள். 110 செ.மீ.க்குக் கொஞ்சம் முன்பின் இருக்கும். கண்ணாடியின் கீழ்விளிம்பு 90 செ.மீ.யில் தொடங்கி, கண்ணாடி 90 செ.மீ. உயரம் இருந்தால் நிற்பவருக்கும் உட்கார்ந்திருப்பவருக்கும் அது ஒன்றே போதும். ஜன்னல் முதுகுப்பக்கம் வந்தால் முகம் இருட்டடிக்கும். வெளிச்சம் முகத்தில் விழும் சுவராகப் பாருங்கள்.

உடையும் என்ற பயம் நியாயமானதுதான். 60க்கு 90 செ.மீ. அளவில் 5 மி.மீ. கண்ணாடி கிட்டத்தட்ட ஏழு கிலோ வரும். பின்னால் பாதுகாப்பு ஃபிலிம் ஒட்டியதாக வாங்கினால் உடைந்தாலும் சில்லு சிதறாது. அதே அளவில் 3 மி.மீ. அக்ரிலிக் (பிளாஸ்டிக்) கண்ணாடி இரண்டு கிலோதான். ஆனால் பிளைவுட்டில் ஒட்டாமல் மாட்டினால் வளைந்து முகம் கோணலாகத் தெரியும்; ஸ்பிரிட்டால் துடைத்தால் விரிசல் விடும். சோப்புத் தண்ணீரும் மெல்லிய துணியும் போதும்.

குளச்சல் உப்புக்காற்றுக்குச் சாதா ஸ்குரூ தாங்காது, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போடச் சொல்லுங்கள். விளிம்பு கறுக்காமலிருக்கச் சுற்றிலும் நியூட்ரல் சிலிக்கான் பசை பூச வேண்டும். கடையில் பெயர் சொல்லிக் கேளுங்கள். வினிகர் வாடை அடிக்கும் மலிவு ரகம் பின்பக்க ரசத்தையே அரித்துவிடும்.

அந்தப் பாட்டிக்காக எல்லாருடைய கண்ணாடியையும் கழற்ற வேண்டாம். உள்ளே தெரிவது வேறு யாரோ என்று அவர் நினைக்கிறார். அவர் புழங்கும் கண்ணாடிக்கு மேல் ஒரு கம்பி அடித்துச் சின்னத் திரை கோத்தால் போதும். பொழுது சாய்ந்தால் ஜன்னல் கண்ணாடியிலும் உருவம் தெரியும், அந்தத் திரையையும் இழுத்துவிட வேண்டும். பலரும் இதைக் கவனிப்பதில்லை.

இதெல்லாம் நடக்கும்வரை, மேசையில் தானே நிற்கும் ஸ்டாண்டு கண்ணாடி ஒன்று வாங்கிக் கொடுங்கள். ஒரு கை முடங்கியவருக்குக் கைப்பிடிக் கண்ணாடி உதவாது. முகத்தைப் பெரிதாகக் காட்டும் பக்கம் இருந்தால் வெயில் படும் இடத்தில் வைக்காதீர்கள். ஒளி குவிந்து துணி தீப்பிடிக்கும்.