வீட்டில் பழைய வெள்ளி, தங்கம் சுத்தம் செய்வது: பட்டறைக்காரரிடம் கேளுங்கள்

ஐயா, அறுந்த கொலுசு, தேய்ந்த மெட்டி எல்லாம் சேர்த்து வைத்திருக்கிறேன். பொழுதுபோக்காக நானே சுத்த வெள்ளி எடுக்க ஆசை. எங்கே தொடங்குவது? (ஈரோடு)

வெள்ளியில் தொடங்க நினைத்தது சரி. தங்கத்துக்கு அவசரப்படாதீர்கள்.

வெள்ளியை நைட்ரிக் ஆசிட்டில் கரைத்து, செம்பால் திரும்ப இறக்குவதுதான் முறை. முதலில் இடம். மொட்டை மாடி போலத் திறந்த வெளியில், காற்று உங்கள் முதுகுப் பக்கமிருந்து வீச நின்றுகொள்ளுங்கள். நைட்ரிக் ஆசிட் உலோகத்தைத் தின்னும்போது செம்பழுப்பு நிறத்தில் புகை வரும். அதைச் சுவாசித்தவருக்கு அப்போது லேசான இருமலோடு போய்விடும். பல மணி நேரம் கழித்துத்தான் நுரையீரலில் நீர் கோத்து மூச்சு முட்டும். துணி முகக்கவசம் இதற்கு உதவாது. சமையலறையிலும் குளியலறையிலும் இந்த வேலையே கூடாது.

ஒரு கிராம் வெள்ளிக்கு அடர் நைட்ரிக் சுமார் ஒன்றேகால் மில்லி, அதே அளவு வாலை வடிநீர் (டிஸ்டில்டு வாட்டர்). தண்ணீரில் ஆசிட்டைச் சேர்க்க வேண்டும், மாற்றிச் செய்யக் கூடாது. குழாய்த் தண்ணீரில் குளோரைடு இருப்பதால் கரைசல் பால் போல் வெளுத்து, வெள்ளியின் ஒரு பகுதி வெள்ளைக் கசடாகிவிடும். உலோகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். மொத்தமாகக் கொட்டினால் பொங்கி வழியும். கொலுசில் உள்ள செம்பால் கரைசல் நீலமாகும்.

வடிகட்டிய பின் சுத்தமான செம்புத் தகடு ஒன்றை உள்ளே தொங்க விடுங்கள். சில நிமிடங்களில் தகட்டில் சாம்பல் நிறப் பாசி படர்ந்து, கொத்துக் கொத்தாக உதிரும். அதுதான் உங்கள் வெள்ளி. பார்க்கப் பார்க்க அலுக்காத காட்சி அது. ஒரு கிராம் செம்பு கரைந்தால் 3.4 கிராம் வெள்ளி இறங்கும். தெளிந்த நீரில் ஒரு சொட்டு எடுத்து உப்புக் கரைசலில் விடுங்கள். வெளுக்காவிட்டால் வெள்ளி முழுதும் இறங்கிவிட்டது.

தூளை நீலம் போகும் வரை கழுவி, நன்றாகக் காய வைத்து, மூசையில் (உலோகம் உருக்கும் கிண்ணத்தில்) ஒரு சிட்டிகை வெங்காரத்தோடு (போராக்ஸ்) உருக்குங்கள். 961 டிகிரியில் உருகும். ஈரம் இருந்தால் தெறிக்கும்.

பாட்டியின் கிழிந்த பட்டுப்புடவைச் சரிகையில் எவ்வளவு தேறும்? (கும்பகோணம்)

அசல் சரிகையா என்று முதலில் பாருங்கள். ஓர் இழையை உருவி நகத்தால் சுரண்டுங்கள். உள்ளே சிவப்புப் பட்டு நூல் தெரிந்தால் நல்ல அடையாளம். தீயில் காட்டும்போது பிளாஸ்டிக் நாற்றத்தோடு சுருண்டு உருகினால் அது போலி, அத்தோடு விட்டுவிடுங்கள். அசலில் பெரும்பகுதி வெள்ளி, மேலே மெல்லிய பொன் முலாம். பட்டு நூலை எரித்து, சாம்பலை நீக்கிவிட்டு, மேலே சொன்ன முறையில் கரைக்கலாம். பொன் கரையாமல் அடியில் கருந்தூளாக நிற்கும். அது மிகக் கொஞ்சம், ஆனால் வடிதாளோடு எறிந்துவிடாதீர்கள். புடவை கட்டும் நிலையில் இருந்தால் தயவுசெய்து எரிக்க வேண்டாம்.

பழைய கேடிஎம் செயினை உருக்கிக் கட்டியாக்கலாமா? (மதுரை)

வேண்டவே வேண்டாம். கேடிஎம் நகையின் பற்றவைப்பில் காட்மியம் இருக்கிறது. தங்கம் உருகுவது 1,064 டிகிரியில், காட்மியம் 767 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகிவிடும். அந்த ஆவி உயிரையே எடுக்கும். கடையில் மாற்றிக்கொள்ளுங்கள்.

22 காரட் தங்கத்தை நைட்ரிக்கில் போட்டேன், ஒன்றுமே ஆகவில்லை. ஏன்? (நாகர்கோவில்)

தங்கம் அதிகமாக இருந்தால் அது மற்ற உலோகத்தை ஆசிட் தொடாதபடி மூடிக் காக்கும். அதனால் தங்கம் கால் பங்காகும் வரை வெள்ளி சேர்த்து உருக்குவோம். 10 கிராம் 22 காரட்டில் தங்கம் 9.17 கிராம். அதற்கு 26.7 கிராம் வெள்ளி சேர்க்க வேண்டும். பிறகு நைட்ரிக் வெள்ளியையும் செம்பையும் கரைத்துவிட, பழுப்புத் தூளாகத் தங்கம் நிற்கும். இன்னும் சுத்தம் வேண்டுமென்றால் அதை ராஜதிராவகத்தில் (நைட்ரிக்கும் ஹைட்ரோகுளோரிக் ஆசிட்டும் கலந்தது) கரைத்து, மிஞ்சிய நைட்ரிக்கைப் போக்கிவிட்டு, அன்னபேதியால் (இரும்பு சல்பேட்) இறக்குவார்கள். தங்கக் கரைசலில் அம்மோனியா படவே கூடாது. அதில் உண்டாகும் பொருள் காய்ந்தால் தொட்டாலே வெடிக்கும்.

ஆனால் 916 நகைக்கு இத்தனை பாடு எதற்கு? கடையில் எடைக்கு விலை கிடைக்கும். அரத்தூள், மாற்றுக் குறைந்த துண்டுகளுக்குத்தான் இந்த வேலை பொருந்தும்.

கவரிங் நகையும் செல்போன் போர்டும் மூட்டையாக இருக்கின்றன... (சேலம்)

கவரிங்கின் முலாம், ஆசிட் செலவுக்குக்கூடக் காணாது. போர்டை எரித்தால் வரும் புகை தெருவுக்கே கேடு. பதிவு பெற்ற மின்கழிவு மறுசுழற்சியாளரிடம் கொடுங்கள்.

விக்டோரியா ராணி ஒரு ரூபாய்களை உருக்கலாமா? (காரைக்குடி)

அதில் 11.66 கிராம் எடையில் 91.7 சதவீதம் வெள்ளி, அதாவது ஏறக்குறைய 10.7 கிராம். சேகரிப்பவர்கள் அதைவிட அதிகம் தரக்கூடும். விசாரிக்காமல் மூசையில் போடாதீர்கள். 1940-க்குப் பிந்தைய வெள்ளி ரூபாய்களில் வெள்ளி பாதிதான்.

மிஞ்சும் நீலத் தண்ணீரைச் சாக்கடையில் ஊற்றலாமா? (கோவை)

கூடாது. அதில் கரைந்திருக்கும் செம்பு, கொஞ்சம் போனாலே குளத்து மீன்களைக் கொல்லும். பிளாஸ்டிக் வாளியில் இரும்புத் துண்டுகளைப் போட்டு ஊற வையுங்கள், செம்பு செந்நிறத் தூளாக இறங்கும். பிறகு புளிப்பு முறியும் வரை சுண்ணாம்பு நீரைச் சிறிது சிறிதாகச் சேர்த்தால் மீதி உலோகமும் வண்டலாகத் தங்கும். அந்த வண்டலை மூடி வைத்து, அபாயக் கழிவு எடுப்பவர்களிடம் கொடுங்கள். அதற்கு வழி இல்லாத ஊரில் இருந்தால், ஆசிட் வாங்கும் முன்பே சொல்லுங்கள், பக்கத்துப் பட்டறையில் கேட்டுப் பார்ப்போம்.