அது தனியாக நின்று கத்துமா?

வீட்டு மின்சாரம்: வாசகர் கேள்வி – பதில்

போன இதழில் புகை அலாரம் பற்றி இரண்டே வரிதான் எழுதினேன். வாங்கும்போது விலையைக் கேட்க முதல், இது தனியாக நின்று கத்துமா என்று கேளுங்கள் என்று. அதற்கு வந்த கடிதங்கள் ஒரு சொப்பிங் பை நிறைய இருக்கின்றன. ஆளும் ஊரும்தான் வேறு, கதை ஒன்றுதான்: கடையில் ஒன்றைச் சொல்லி விற்றிருக்கிறார்கள், வீட்டில் வேறொன்று நடந்திருக்கிறது. எல்லாவற்றுக்கும் இங்கே இடமில்லை.

கேள்வி: நல்லூருக்குக் கிட்ட ஆறு அறையில் விருந்தினர் விடுதி நடத்துகிறேன். திருவிழாவுக்கு முதல் அறைக்கு ஒன்றாகப் புகை சென்சர் வாங்கினோம். கடைக்காரர் "இது போதும் அண்ணை, வெளிநாட்டுக்காரர் மேலே பார்ப்பினம், ஒண்டு இருந்தால் சரி" என்றார். வயரிங் செய்யும் தம்பி சீலிங்கில் ஸ்குரூ அடித்துவிட்டுப் போய்விட்டார். இன்றுவரை லைற்றும் எரியவில்லை, சத்தமும் இல்லை. பழுதா? (படம் இணைத்துள்ளேன்.)
— விடுதி உரிமையாளர், நல்லூர்

பதில்: பழுது என்றால் மாற்றித் தரச் சொல்லிச் சண்டை பிடிக்கலாம். உங்களிடம் இருக்கிற ஆறும் நல்ல நிலையில்தான் இருக்கின்றன, ஆனால் அவை அலாரம் இல்லை. பெரிய கட்டடங்களில் பனல் என்று ஒரு சிவப்புப் பெட்டி சுவரில் இருக்குமே, அதோடு இணைக்கிற தலைகள் இவை. பனல்தான் 24 வோல்ற் கொடுக்கும், பனல்தான் மணியை அடிக்கும். தலைக்குப் புகையை மோப்பம் பிடிக்க மட்டும்தான் தெரியும், வாய் கிடையாது. நீங்கள் அனுப்பிய முதல் படத்தில் அடித்தட்டைப் பாருங்கள்: வயர் முடுக்குகிற நாலு ஸ்குரூ இருக்கிறது, பற்றரி போட இடமில்லை, சத்தம் வெளியே வர ஒரு துளைகூட இல்லை. வயர் ஒன்றும் பூட்டாமல் சும்மா தொங்குகிறது. ஒரு வகையில் அது நல்லதுதான், அந்தத் தம்பி உற்சாகத்தில் 230 வோல்ற்றைக் கொடுத்திருந்தால் அங்கேயே கருகியிருக்கும்.

இரண்டாவது படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, வயிற்றையும் பிசைந்தது. ஆறிலும் செம்மஞ்சள் நிறப் பிளாஸ்ரிக் மூடி அப்படியே இருக்கிறது. கட்டட வேலை நடக்கும்போது சீமெந்துத் தூசி உள்ளே போகாமல் இருப்பதற்காகக் கம்பனி போட்டு அனுப்புகிற மூடி அது, வேலை முடிந்த கையோடு கழற்ற வேண்டியது. வடிவாக இருக்கிறது என்று விட்டுவிட்டாரோ தெரியாது. நாளைக்கே நீங்கள் பனல் வாங்கி வயர் இழுத்தாலும் அந்த மூடியோடு புகை உள்ளே போகாது.

இனி என்ன செய்வது? ஆறு அறைக்குப் பனல் போடுவதும் தவறில்லை, ஆனால் அது முறையான வேலை. நெருப்பைத் தாங்கும் கேபிள் வேண்டும் (சீசீரீவிக்கு இழுத்து மிஞ்சிய வயரை அதற்குப் பாவிக்கக் கூடாது, நெருப்பு வந்தால் முதலில் உருகுவது அதுதான்), கரண்ட் போனால் ஓட பனலுக்குள் இரண்டு பற்றரி வேண்டும். 2022இல் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் கரண்ட் வெட்டிய நாடு இது. அவ்வளவு செலவு வேண்டாம் என்றால், தனியாக வேலை செய்யும் அலாரங்களில் ஒன்றோடொன்று ரேடியோவில் பேசிக்கொள்கிற வகை இருக்கிறது. அறைக்கு ஒன்று, நடைபாதைக்கு ஒன்று. ஒன்று புகை கண்டால் எல்லாம் சேர்ந்து கத்தும். அது முக்கியம், ஏனென்றால் இந்த அலாரங்களின் சத்தம் மூன்று மீற்றரில் 85 டெசிபல்தான். முதலாம் அறையில் கத்துவது, கதவைச் சாத்திக்கொண்டு மின்விசிறியைக் கூட்டிவிட்டு ஆறாம் அறையில் படுத்திருக்கிறவருக்குக் கேட்காது.

பெட்டியைப் பார்த்தே இனங்காண ஒரு வழி: ஈ.என். 14604 (EN, ஐரோப்பியத் தரம்) அல்லது யு.எல். 217 (UL, அமெரிக்கத் தரம்) என்று போட்டிருந்தால் தனியாகக் கத்தும் சாதனம். ஈ.என். 54 அல்லது யு.எல். 268 என்றால் பனல் இல்லாமல் அது வெறும் அலங்காரம். வெறும் சீ.ஈ. (CE) முத்திரையை மட்டும் காட்டினால் நம்பாதீர்கள், அதை யாரும் அச்சடிக்கலாம்.

கேள்வி: ரொறன்ரோவில் இருக்கும் மகள் இரண்டு அலாரம் அனுப்பியிருக்கிறா. வாங்கின கடையில் ஊருக்கும் சரிவரும் என்றார்களாம். இங்கே வயரிங் செய்பவர் பல்ப் லைனிலேயே கொடுக்கலாம் என்கிறார். கொடுக்கட்டுமா?
— ஓய்வுபெற்ற ஆசிரியை, சாவகச்சேரி

பதில்: கொடுக்கவே வேண்டாம் ரீச்சர். பின்பக்கத்தைத் திருப்பி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சின்ன எழுத்தை வாசியுங்கள். 120 வோல்ற், 60 ஹேர்ட்ஸ் என்று இருக்கும். நம்முடைய லைன் 230. போன் சார்ஜர் எந்த நாட்டுக்கும் சரிவருவதால் எல்லாச் சாமானும் அப்படித்தான் என்று ஒரு நம்பிக்கை வந்துவிட்டது. சார்ஜரில் 100 முதல் 240 வரை என்று எழுதியிருக்கும், அலாரத்தில் அப்படி எழுதியிருக்காது. ஒன்ராறியோவில் வீட்டின் ஒவ்வொரு மாடியிலும், படுக்கையறைப் பக்கத்திலும் புகை அலாரம் இருக்க வேண்டும் என்பது சட்டம், ஆகவே அங்கே கடைகளில் இது அடுக்கிக் கிடக்கும், அதை விற்கிற பிள்ளைக்குச் சாவகச்சேரி லைன் எத்தனை வோல்ற் என்று எப்படித் தெரியும்? உள்ளே இருக்கிற ஒன்பது வோல்ற் பற்றரியை வைத்தே ஓட்டலாம் என்றும் நினைக்காதீர்கள், அது கரண்ட் போகும் நேரத்துக்கு ஒரு துணை, அவ்வளவுதான். மகளிடம் பற்றரியில் மட்டும் ஓடுகிற வகையைக் கேளுங்கள், பத்து வருடத்துக்கு மூடி முத்திரையிட்ட லித்தியம் பற்றரியோடு வருவது இன்னும் நல்லது. அதற்கு எந்த நாட்டுக் கரண்டும் தேவையில்லை.

கேள்வி: நெருப்பு குசினியில்தான் வரும், அடுப்புக்கு நேர் மேலே பூட்டுங்கோ என்று கடையில் சொன்னார்கள். பூட்டினோம். தாளிக்கும்போதெல்லாம் கத்துகிறது. பொறுக்கமாட்டாமல் மாமி பற்றரியைக் கழற்றிவிட்டா. இதே சாமான் காஸ் கசிந்தாலும் கத்தும் என்றும் கடைக்காரர் சொன்னார். உண்மையா?
— ஒரு வாசகி, கொக்குவில்

பதில்: மாமியில் பிழையில்லை. செத்தல் மிளகாய் போட்டுத் தாளிக்கிற வீட்டில், கருவாடு பொரிக்கிற வீட்டில், அடுப்புக்கு மேலே புகை அலாரம் வைத்தால் எந்த மனுசியும் மூன்றாம் நாள் அதைத்தான் செய்வா. பற்றரி இல்லாத அலாரம் சுவரில் இருப்பது ஒன்றும் இல்லாததைவிட மோசம், இருக்கிறது என்று எல்லோரும் நம்பிக்கொண்டு படுப்பார்கள். எங்கள் வீட்டிலும் இது நடந்தது, சாமியறை வாசலில் நானே பூட்டினேன். சாம்பிராணி போட்ட முதல் வெள்ளிக்கிழமையே அம்மா விளக்குமாற்றுத் தடியால் தட்டி விழுத்திவிட்டா. இத்தனை வருடம் இந்த வேலை செய்தவன் என்று வெளியில் சொல்ல வெட்கம்.

குசினிக்குள் வைக்க வெப்ப அலாரம் என்று தனியாக ஒன்று இருக்கிறது. அது புகையைக் கணக்கெடுக்காது, சூடு ஏறக்குறைய 58 பாகைக்கு ஏறினால்தான் கத்தும். புகை அலாரத்தை அடுப்பிலிருந்து பத்தடியாவது தள்ளி, குசினியிலிருந்து படுக்கையறைக்குப் போகிற வழியில் பூட்டுங்கள்.

காஸ் கதை சுத்தப் பொய். 2021 கடைசியில் நாடெங்கும் காஸ் அடுப்பும் சிலிண்டரும் வெடித்த நாட்களில் கையில் கிடைத்ததையெல்லாம் காஸ் அலாரம் என்று சொல்லி விற்றார்கள், அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை. புகை அலாரத்துக்குக் காஸ் தெரியாது. லண்டனிலிருந்து வருகிற காபன் மொனொக்சைட் அலாரத்துக்கும் தெரியாது, அது எரிபொருள் சரியாக எரியாமல் வருகிற நச்சு வாயுவுக்கானது. சிலிண்டர் காஸுக்கென்று தனி அலாரம் உண்டு. அதையும் சிலர் "புகை மேலேதானே போகும்" என்று சீலிங்கில் பூட்டச் சொல்கிறார்கள். நம்முடைய சிலிண்டரில் இருப்பது புரப்பேனும் பியூட்டேனும், இரண்டும் காற்றைவிடப் பாரம், கசிந்தால் நிலத்தோடு தவழும். அந்த அலாரம் நிலத்திலிருந்து ஒரு சாண் உயரத்தில், சிலிண்டர் நிற்கிற அறையில் இருக்க வேண்டும். சீலிங்கில் இருந்தால் அது கத்துவதற்குள் உங்களுக்கே மணந்துவிடும். மணந்தால் சுவிச் எதையும் தொடாதீர்கள், லைற்றைப் போடவும் வேண்டாம், ஓவ் செய்யவும் வேண்டாம். ரெகுலேற்றரை மூடி, கதவு யன்னலைத் திறந்துவிட்டு வெளியே வாருங்கள்.

கேள்வி: எங்களுடையது பழைய ஓட்டு வீடு, சீலிங் இல்லை. முகட்டு மூலையில் பூட்டச் சொல்கிறார் கடைக்காரர், அங்கேதான் புகை சேருமாம்.
— அளவெட்டி வாசகர்

பதில்: பாதி சரி. புகை மேலே போகும், ஆனால் முகட்டின் உச்சிக் கூரில் காற்று அசையாமல் தேங்கி நிற்கும், புகை அதற்குள் நுழையப் பஞ்சிப்படும். சாய்ந்த கூரையில் உச்சியிலிருந்து ஒரு சாணாவது கீழே, ஆனால் இரண்டு அடிக்கு மேல் இறங்காமல் பூட்ட வேண்டும். தட்டையான சீலிங் என்றால் நடுவில், சுவரிலிருந்தும் லைற்றிலிருந்தும் ஓரடி தள்ளி. மின்விசிறி இதழின் நுனியிலிருந்து மூன்றடி.

ஆனால் ஓட்டு வீட்டின் உண்மையான சிக்கல் வேறு. பகல் முழுக்க வெயில் குடித்த ஓட்டுக்குக் கீழே சூடான காற்று ஒரு பாய் விரித்ததுபோல் நிற்கும். நுளம்புத்திரி மெத்தையில் பட்டுப் புகைகிற மாதிரிச் சின்ன நெருப்பின் புகைக்கு அந்தப் பாயைத் துளைத்துக்கொண்டு மேலே போகிற வேகம் இருக்காது, பாதியிலேயே பரவி நிற்கும். சோளகம் அடிக்கிற மாதங்களில் ஓட்டு இடைவெளியால் காற்று புகுந்து புகையை அள்ளிக்கொண்டும் போகும். ஆகவே முகட்டில் ஒன்றைப் பூட்டிவிட்டு வீடு முழுக்கக் காவல் என்று நினைக்காதீர்கள். சீலிங் அடித்த அறை ஒன்றாவது இருந்தால் முதல் அலாரம் அங்கே, அதுவும் வயதானவர்கள் படுக்கிற அறையாக இருந்தால் இரண்டாம் பேச்சே இல்லை. இன்னொன்று, முகட்டில் பூட்டினால் மாதம் ஒருக்கால் ஏணி வைத்து ஏறிப் பட்டனை அமத்த யார் இருக்கிறார்கள்? பிள்ளைகள் எல்லாம் வெளிநாட்டில். தும்புத்தடி எட்டுகிற உயரத்தில் இருப்பதுதான் நடைமுறைக்கு ஒத்துவரும்.

கேள்வி: இரவில் நிமிடத்துக்கு ஒருக்கால் "டிக்" என்று ஒரு சத்தம். பல்லி சொல்கிறது என்கிறார் அப்பா.
— வல்வெட்டித்துறை

பதில்: பல்லி நேரம் பார்த்துச் சொல்லாது. பற்றரி முடிகிறது, மாற்றுங்கள். அல்கலைன் பற்றரி போடுங்கள், ரீசார்ஜ் செய்கிறது வேண்டாம். மாற்றின பிறகும் சத்தம் நிற்காவிட்டால் பின்பக்கத்தில் செய்த திகதியைப் பாருங்கள், பத்து வருடம் தாண்டியிருந்தால் அலாரத்தையே மாற்ற வேண்டும். மற்றது, உண்மையான பல்லிக்கும் இதில் ஒரு பங்கு உண்டு: பூச்சியோ குட்டிப் பல்லியோ உள்ளே புகுந்தால் புகை என்று நினைத்துச் சும்மா கத்தும். வருடத்துக்கு இரண்டு தரம் தூசு உறிஞ்சியால் ஓரத்தை இழுத்துவிடுங்கள்.

கேள்வி: கடையில் பட்டனை அமத்திக் காட்டினார்கள், நல்ல சத்தம். அப்படியென்றால் நல்ல சாமான்தானே?
— திருநெல்வேலி

பதில்: மணியும் பற்றரியும் நல்லம் என்று தெரிகிறது. மலிவுச் சாமான்களில் அந்தப் பட்டன் அதற்குமேல் ஒன்றையும் சோதிப்பதில்லை.

கேள்வி: நகரில் மின்சாரச் சாமான் கடை வைத்திருக்கிறேன். உங்கள் பகுதியை வாசித்துவிட்டு வந்து ஆட்கள் என்னைக் கள்ளன் மாதிரிப் பார்க்கிறார்கள். கொழும்பிலிருந்து சாமான் கொண்டு வருகிறவர் சொல்வதைத்தான் நாங்கள் சொல்கிறோம். பெட்டியில் இருப்பது சீன எழுத்து, எங்களுக்கு என்ன தெரியும்? பனல் தலைகள் மட்டும் 40 இருக்கின்றன, இனி அதை என்ன செய்ய?
— கடை உரிமையாளர்

பதில்: நீங்கள் எழுதியது எனக்குப் பிடித்திருக்கிறது. தெரியாமல் சொல்கிறவர்கள்தான் அதிகம், ஏமாற்ற நினைக்கிறவர் ஒன்றிரண்டு பேர்தான் என்பது என் அனுபவம். ஆனாலும் தெரியாத சாமானை "இது போதும் அண்ணை" என்று சொல்லி விற்பதற்கு யாரும் உங்களைக் கட்டாயப்படுத்தவில்லையே. தெரியாது, கேட்டுச் சொல்கிறேன் என்று சொன்னால் வியாபாரம் ஒன்றும் படுத்துவிடாது.

40ஐயும் எறியத் தேவையில்லை, பனல் வேலை செய்கிற கொந்தராத்துக்காரர் வாங்குவார்கள். ஆனால் அவரவர் பனலுக்கு அது பொருந்துமா என்று பார்த்துத்தான் வாங்குவார்கள், கொஞ்சம் பொறுமை வேண்டும். அதுவரைக்கும் ஒவ்வொரு பெட்டியிலும் "பனல் இல்லாமல் வேலை செய்யாது" என்று தமிழில் ஸ்ரிக்கர் அடித்து ஒட்டி, வீட்டுக்கான அலாரம் இருக்கிற தட்டில் வைக்காமல் வேறாக வையுங்கள். மேலே எழுதியிருக்கிற நல்லூர் விடுதிக்காரர் உங்களிடம்தான் வாங்கினாரோ எனக்குத் தெரியாது. ஆறையும் தூக்கிக்கொண்டு வந்தால் மாற்றிக் கொடுங்கள்.